பனியை விலக்கிப் பார்த்த படம்

பச்சைக் கோடு நகர்வதாகவே தெரியவில்லை. கோகிலவாணி கண்ணை இறுக மூடி, தெரிந்த சாமியையெல்லாம் ஒரு சுற்றுக் கூப்பிட்டுவிட்டுத் திறந்தாள். கோடு அதே இடத்தில் நின்றது. அதற்குக் கீழே லேப்டாப் காட்டிய மீதி நேரம் மட்டும், குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. அந்தக் கணக்குப்படி படம் வெளியே வரும்போது பொழுது இறங்கியிருக்கும். அதன் பிறகு அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவள் தம்பி சின்னராசுவை நேற்று மத்தியானத்திலிருந்து காணவில்லை. மேய்ச்சலுக்குப் போன செவலை மாடு திரும்பவில்லை என்று தேடிக்கொண்டு போனவன். மாடும் வரவில்லை, அவனும் வரவில்லை. மலையில் திண்ணனூர் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டத்தின் ஒரு மூலையில் இருக்கும் அந்தச் சிற்றூரின் ஆம்பளைகள் அத்தனை பேரும் விடிய விடிய டார்ச் அடித்துக்கொண்டு அலைந்தார்கள். "சின்னராசு! சின்னராசு!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். சின்னராசுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கத்தியவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்தும் கத்தினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ஒருத்தனைத் தேட மனுசனுக்கு வராது போலிருக்கிறது.

ஊருக்கு இரண்டு பக்கமும் பள்ளம். மேற்கே ஆனைப்பள்ளம், கிழக்கே தேன்பாறைப் பள்ளம். மாடு வழக்கமாக மேய்வது ஆனைப்பள்ளத்து ஓரத்தில். ஆகவே அவனும் அங்கேதான் விழுந்து கிடப்பான் என்று ஊர்க்கவுண்டர் சென்றாயன் முடிவு கட்டிவிட்டார். அவர் ஒரு முடிவு கட்டினால் அதை அவிழ்க்க அவராலேயே முடியாது. காலையிலிருந்து ஆனைப்பள்ளத்தின் மேல்சரிவைச் சல்லடை போட்டுச் சலித்தாயிற்று. அதற்குக் கீழே கயிறில்லாமல் இறங்க வழியில்லை. கயிற்றோடு தீயணைப்புக்காரர்கள் அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருப்பதாகப் போன் வந்திருந்தது. வந்ததும் அவர்களுக்கு ஒரு பள்ளத்தைக் கைகாட்ட வேண்டும். ஒன்றில் இறங்கி ஏறத்தான் வெளிச்சம் காணும். தப்பான பள்ளத்தைக் காட்டினால், சின்னராசு இன்னொரு ராத்திரி அந்தக் குளிரில் கிடக்க வேண்டியதுதான். அடிபட்டுக் கிடக்கிறவனை அந்த இரண்டாவது ராத்திரி என்ன செய்யும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கோகிலவாணி கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று மலை முழுக்க வீடியோ எடுக்கிறவள். இந்தக் காலத்துக் கல்யாண வீட்டார் வானத்திலிருந்து எடுத்த படம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள் என்பதால் ஒரு ட்ரோனும் வாங்கி வைத்திருந்தாள். அதன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடக்கிறவன் சின்னராசுதான். இன்று விடிந்த கொஞ்ச நேரத்தில் பனி சற்றே இளைத்தது. அந்த இடைவெளியில் அவள் ட்ரோனை ஏற்றி இரண்டு பள்ளத்துக்கும் மேலே ஓட்டினாள். கையிலிருந்த போனில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது, அதுவும் விட்டுவிட்டு. பாட்டரி தீரப்போகிறது என்று இறக்கியதும் பனி மறுபடியும் வந்து அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எதிர்வீட்டுக் கூரைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆக, கையில் இருப்பது அந்த ஒரே படம். தம்பி எங்கே இருக்கிறான் என்பது அதற்குள்ளே இருந்தாலும் இருக்கும்.

அதற்குள்ளே என்றால், பனிக்குள்ளே. எடிட்டிங் மென்பொருளில் மூட்டத்தை நீக்க ஒரு வசதி உண்டு. புள்ளி புள்ளியாய் அரிக்கும் மங்கலைத் துடைக்க இன்னொன்று உண்டு. மாப்பிள்ளை முகத்தைக் கொஞ்சம் துலக்கிக் காட்ட அவள் இரண்டையும் ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்வாள். இன்று இரண்டையும் முழுசாகக் கொட்டிவிட்டாள். கொட்டியதும் படம் ஓடமாட்டேன் என்றது. ஒரு காட்சி வந்து நின்றால், அடுத்தது வருவதற்குள் கொட்டாவி விட்டு முடித்துவிடலாம். நின்ற காட்சிகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள். சரிவு நெடுக வெள்ளை வெள்ளையாய் ஏதேதோ தெரிந்தன. பாறையில் பூத்த வெள்ளை, பனியின் கிழிசல், கொக்கு. இதில் தம்பி தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டு எது? அசையாத படத்தில் எல்லா வெள்ளையும் ஒன்றுதான். அசைந்தால்தான் ஆள் எது, பாறை எது என்று பிரியும். அசைய வேண்டுமென்றால் லேப்டாப் எல்லாக் காட்சியையும் கணக்குப் போட்டு முடித்து, ஒரே படமாக வெளியே தள்ள வேண்டும். அதுதான் எக்ஸ்போர்ட். அதுதான் நின்றுகொண்டிருக்கிறது.

பக்கத்தில் பிலிப் சார் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர், மலையில் கம்ப்யூட்டர் வாத்தியாராக வந்து மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டார். சேதி கேட்டதும் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு, பனியில் பைக்கை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவர்.

"வேற எதெல்லாம் ஓடுதோ எல்லாத்தையும் மூடுங்க கோகிலா."

"மூடிட்டனுங்க சார்."

"படம் இன்னும் மெமரி கார்டுலதான் இருக்கா?"

"இல்லீங்க, உள்ளுக்கே காப்பி பண்ணிப்போட்டேன்."

"உள்ள இடம் இருக்கா? இடம் இல்லேன்னாலும் இப்படித்தான் திணறும்."

"போன நோம்பி வீடியோவெல்லாம் அழிச்சுட்டனுங்க. இடம் கெடக்குது."

பிலிப் சார் கம்பளிக் குல்லாவை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, செட்டிங்குக்குள் இறங்கினார். படத்தின் அளவைக் குறைத்தார். படம் வரைவதற்கென்றே உள்ளே இருக்கும் சில்லு வேலை செய்கிறதா என்று பார்த்து, அதற்கான கட்டத்தில் டிக் போட்டார். அணைத்து மறுபடி போட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். தொடங்கும்போது பச்சைக் கோடு குடுகுடுவென்று ஓடும். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். சித்த நேரத்தில் பாரம் ஏற்றிய லாரி வளைவில் திணறுவதுபோல் திணறும். அப்புறம் படுத்துவிடும்.

"அந்த மூட்டம் எடுக்கிறதை மட்டும் கழட்டிட்டா வேகமா ஓடிரும்," என்றார் தயங்கி.

"பனிய எடுக்கத்தானுங்க சார் இத்தனையும். அதக் கழட்டிப்போட்டு நான் என்னத்தப் பாக்கறது?"

அவள் சொன்னது கோபமாக வந்துவிட்டது. ஆனால் அவர்மேல் கோபம் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அப்போது கதவு திறந்தது. சின்னராசுவின் மனைவி சுகுணா. காலையிலிருந்து அவளுக்கு வீட்டுக்குள்ளும் நிலைகொள்ளவில்லை, வெளியிலும் நிலைகொள்ளவில்லை. வண்டி வருகிறதா என்று தடத்தைப் பார்க்க ஓடுவாள், லேப்டாப்பைப் பார்க்க ஓடி வருவாள். அவளோடு கூடவே பனியும் ஒரு கும்பலாக உள்ளே நுழைந்தது.

"கதவச் சாத்து புள்ள! ஈரம் வருது. மிசினு போயிரும்."

"வந்துருச்சாக்கா?"

"வரும். நீ கதவச் சாத்து."

மலையில் ஈரம் எதையும் விட்டுவைக்காது. உப்பு ஜாடியிலேயே கரையும். தீப்பெட்டி நமத்துப்போகும். பீரோவில் வைத்த பட்டுச் சேலையில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே அந்த மலையில் விலையுள்ளது, வேண்டியது எதுவானாலும் அடுப்பங்கரைக்கு வந்துவிடும். விதைக் கேழ்வரகு, மிளகு மூட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அடுப்புக்கு மேலே அட்டாலியில் புகை குடித்துக்கொண்டு கிடக்கும். கோகிலவாணியின் முதல் கேமராவுக்குள் பூஞ்சை படர்ந்து, எந்த மணப்பெண்ணை எடுத்தாலும் அம்மை போட்டவள்போல் தெரிய ஆரம்பித்தது. அதற்கப்புறம் அவளும் உஷாராகிவிட்டாள். அடுப்புச் சுவரை ஒட்டி ஒரு மரத்தட்டு அடித்தாள். அதில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டாள். அதன்மேல் லேப்டாப். இரண்டு பக்கமும் முதுகிலும் அந்தக் கம்பளியின் மிச்சத்தையே இழுத்துப் போர்த்திவிட்டாள். திரையும் பொத்தான்களும் மட்டும் வெளியே தெரிய, பிள்ளை பெற்றவளைப் போல அது கதகதப்பாக இருந்தது. எக்ஸ்போர்ட்டை இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். எவ்வளவு நேரம் ஆனது என்று இதுநாள்வரை அவள் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

பிலிப் சார் வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தவர்தான். முதல் மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் வரிசையாகக் கண்ணை மூடியதும், சிரிப்பை நிறுத்திவிட்டுச் சந்தையில் கம்பளி விலை விசாரித்தார். இப்போது அந்த மரத்தட்டும் போர்வையும் அவர் கண்ணிலும் படவில்லை. நம் உடம்பிலுள்ள சட்டை நம் கண்ணில் படுவதில்லை அல்லவா, அப்படி.

சுகுணா கதவைச் சாத்தாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, அது ஓடுது," என்றாள்.

ஓடத்தான் செய்தது. பச்சைக் கோடு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. கோகிலவாணி மூச்சுவிட்டாள். எழுந்து போய்க் கதவை இறுகச் சாத்திவிட்டு வந்து பார்த்தாள். கோடு மறுபடி படுத்துவிட்டது.

வெளியே யாரோ நடக்கிற சத்தம் கேட்டுச் சுகுணா மறுபடியும் ஓடினாள். தீயணைப்பு வண்டி இல்லை, சென்றாயன். பனியில் மீசை நனைந்து, தொண்டை கட்டி, வாசலிலேயே நின்றார்.

"ஏனுங் வாத்தியாரே, எதாச்சும் தெரிஞ்சுதுங்களா? வண்டி மேல ஏறி சோளக்காடு தாண்டிருச்சாம். வந்தா நான் ஆனப்பள்ளத்துக்கே கூட்டிட்டுப் போறனுங்க. இதப் பாத்துட்டு உக்கார முடியாது."

"மாமா, சித்த நேரம் பொறுங்க!" என்று கோகிலவாணி கெஞ்சினாள். கெஞ்சிக்கொண்டே கண்ணைத் திரைக்குத் திருப்பினாள். கோடு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கோட்டைப் பார்த்தாள். சென்றாயனின் காலடியில் உள்ளே தவழ்ந்து வரும் பனியைப் பார்த்தாள். மறுபடி கோட்டைப் பார்த்தாள்.

"மாமா, உள்ள வந்து கதவச் சாத்துங்க."

சாத்தினார். கோடு தளர்ந்தது.

"இப்பத் தொறங்க."

"ஏன் கண்ணு, என்ன வெளையாட்டு இது?"

"தொறங்க மாமா!"

திறந்தார். குளிர் ஒரு வீச்சாக உள்ளே வந்து அடுப்பு வரைக்கும் போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கோடு கண் எதிரே எழுந்து நடந்தது. கோகிலவாணி மெல்ல லேப்டாப்புக்கு அடியில் கையை விட்டாள். அடுத்த நொடி சுரீரென்று கையை இழுத்துக்கொண்டாள். வடச்சட்டியின் அடிப்பாகம் போல் கொதித்தது.

"சார்... கம்பளிங்க சார்."

பிலிப் சார் அவளைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார், சுவரை ஒட்டி எரிந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்தார். தலையில் இருந்த குல்லாவைக் கழற்றித் தொடையில் அடித்தார். "ஐயோ! சூடு! சூடு தாங்காமத்தான் அது தானா வேகத்தைக் குறைச்சுக்கிடுது. மூச்சு விடுற ஓட்டை பூராவும் அடியிலல்லா இருக்கு! கம்பளியை வச்சு மூக்கைப் பொத்திட்டு, ஓடு ஓடுன்னா அது எங்க ஓடும்?" மூன்று வருடத்து மலைப் பேச்சு ஒரே நொடியில் அவர் வாயிலிருந்து கழன்று, சொந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

காலையிலிருந்து கதவைச் சாத்து, கதவைச் சாத்து என்று அவள் சுகுணாவை எத்தனை முறை திட்டியிருப்பாள்! தம்பிக்கும் தனக்கும் நடுவில் கதவைச் சாத்தியது அவள் கைதான். ஆனால் அழுவதற்கு நேரம் இல்லை.

"வெளிய தூக்குங்க," என்றாள்.

வாசலில் ஒரு முக்காலியைப் போட்டார்கள். கரண்டுக்கு உள்ளிருந்து நீள வயர் இழுத்தார்கள். முக்காலிமேல் இரண்டு விறகுச் சிராயை இடைவெளிவிட்டு வைத்து, அதன்மேல் லேப்டாப்பை நிறுத்தினார்கள். அடியில் காற்று தாராளமாகப் போய்வந்தது. மேலே சொட்டும் ஈரம் விழாமலிருக்க சென்றாயன் தன் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தார். திருவிழாவில் சாமிக்குப் பிடிக்கிற குடையைத் தவிர வேறு எதற்கும் குடை பிடித்தறியாத கை அது. "ஈரத்துல கெட்டுப்போகாதுங்களா வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டார். "கெட்டா கெட்டுட்டுப் போவுது," என்றார் பிலிப் சார்.

பனி லேப்டாப்பைச் சூழ்ந்துகொண்டது. பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த அதன் விசிறி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, சீரான முனகலாக மாறியது. பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. இந்தத் தடவை படுக்கவில்லை. மீதி நேரம் குறைந்தது, இன்னும் குறைந்தது. அந்தச் சிறு பெட்டிக்குள் இப்போது நடப்பதைப் பிலிப் சார் ஒருமுறை கோகிலவாணிக்கு விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு காட்சியையும் அதற்கு முன்னால் வந்ததோடும் பின்னால் வருவதோடும் வைத்துப் பார்க்குமாம். எது பனியோடு அலைந்தது, எது நிலைத்து நின்றது, எது தானாக அசைந்தது என்று புள்ளி புள்ளியாகப் பிரிக்குமாம். நேற்று ராத்திரியெல்லாம் முப்பது பேர் சேர்ந்து பார்க்க முடியாததை அது தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அதுவும் எதைக்கொண்டு? இதே பனி கொடுக்கிற குளிரைக் கொண்டு. தம்பியை மறைத்து வைத்திருக்கும் பனிதான், அவனைக் கண்டுபிடிக்கிற மிசினுக்கு விசிறிக்கொண்டிருக்கிறது. அதை நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கும்பிட வேண்டும்போல் இருந்தது. பனியையா மிசினையா என்று தெரியாமல் சும்மா நின்றாள்.

தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டபோது பச்சைக் கோடு முழுசாக நிறைந்துவிட்டது. தலைக்கவசமும் கயிற்றுச் சுருளுமாய் இறங்கி வந்தவர்கள், நடுவாசலில் குடைக்குக் கீழே இருக்கும் லேப்டாப்பைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். "எந்தப் பள்ளங்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டதற்கு, சென்றாயன் உதட்டில் விரலை வைத்தார். நம்ப முடியவில்லை, அவரேதான்.

படம் ஓடியது.

முதலில் ஆனைப்பள்ளம் வந்தது. பனி விலகி, ஒரு சேலையை உருவியெடுத்ததுபோல் பள்ளம் முழுதும் வெளியே வந்தது. பிறந்ததிலிருந்து அதன் ஓரத்தில் இருப்பவர்கள் அவர்கள். அதன் அடியை ஒருவரும் பார்த்ததில்லை. மரத்துக்கு மேல் மரம், அதற்குக் கீழே இன்னும் மரம், அடியாழத்தில் ஒரு நூலாய்த் தண்ணீர். "இத்தன ஆழங்களா!" என்று யாரோ முணுமுணுத்தார்கள். வெள்ளை வெள்ளையாய் நிறைய இருந்தன. பாறை பாறையாகவே இருந்தது. ஒரு கொக்கு பறந்தது. அவ்வளவுதான். ஆனைப்பள்ளம் முடிந்தது. சென்றாயன் குடையை மறுகைக்கு மாற்றினார்.

அடுத்தது தேன்பாறை. செங்குத்துப் பாறை நிமிர்ந்து எழுந்தது. அதன் வயிற்றில் மலைத்தேன் அடைகள் கறுப்பு கறுப்பாய்த் தொங்கின. ட்ரோன் அதைத் தாண்டி மெல்லக் கீழே திரும்பியபோது, பாறையின் இடுக்கில், புல் முளைத்த ஒரு திட்டில், ஒரு வெள்ளை அசைந்தது.

பனி அசைகிற மாதிரி அல்ல. கொக்கு அசைகிற மாதிரியும் அல்ல. வட்டமாகச் சுற்றியது.

சுகுணா கோகிலவாணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சின்னராசுக்கும் அவர்கள் இருவருக்கும் கைதான் வாய். பக்கத்தில் இருந்தால் விரலால் பேசுவார்கள். காட்டில் ஒருவர் இந்தச் சரிவிலும் ஒருவர் அந்தச் சரிவிலும் நின்றால், தோளில் கிடக்கும் துண்டால் பேசுவார்கள். சின்ன வயதில் அக்காவும் தம்பியுமாய் உண்டாக்கிய பாஷை அது. கல்யாணமாகி வந்த பிறகு சுகுணாவும் கற்றுக்கொண்டாள். உலகத்தில் அந்தப் பாஷை தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். தலைக்கு மேலே துண்டைச் சுற்றினால், 'இங்கே இருக்கிறேன்.'

"உசுரோட இருக்குது," என்றாள் சுகுணா.

"தேன்பாறைங்க! தேன்பாறை!" என்று சென்றாயன் கத்தினார். தீயணைப்புக்காரர்கள் கயிற்றைத் தோளுக்கு மாற்றினார்கள். பிலிப் சார் இன்னும் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வெள்ளைப் பொட்டு துடிப்பது மட்டும்தான் தெரிந்தது.

"இன்னும் ஆட்டுதாரு பாருங்க," என்றார்.

கோகிலவாணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே ஆட்டுகிறான். காலுக்கு என்னவோ ஆகியிருக்கிறது. ட்ரோனின் இரைச்சல் அவனுக்குக் கேட்டிருக்காது. அண்ணாந்து பார்த்திருக்கிறான். பனிக்குள் மிதந்து வந்த அந்த நிழலை அடையாளம் தெரிந்துகொண்டான். தினமும் துடைத்துப் பெட்டியில் வைக்கிறவனுக்குத் தெரியாதா? தன் அக்காவின் கண் தன்னைப் பார்க்கிறது என்று நம்பினான். அவள் அப்போது போனில் சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளிடம் பேசிக்கொண்டிருந்தான்.

துண்டின் இரு முனையையும் தலைக்கு இரண்டு பக்கமும் தூக்கினான். கொம்பு. 'மாடு கிடைத்துவிட்டது' என்று கோகிலவாணி எடுத்துச் சொன்னாள். அவனுக்குப் பின்னால் ஒரு செவலைத் திட்டு இருப்பதை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். சென்றாயன் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "மாட்டப் பத்திச் சொல்றானுங்களா? அட கிறுக்குப் பயலே!"

பிறகு துண்டைத் தரையை ஒட்டித் தாழ்த்தி, மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தான். திரும்பத் திரும்ப அதையே செய்தான். ட்ரோன் நகர்ந்து, அவன் திரையின் ஓரத்துக்குப் போய் மறையும்வரை அதையே செய்துகொண்டிருந்தான்.

"அது என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார் பிலிப் சார்.

ட்ரோன் பெட்டியோடு அவளுக்கு முன்னால் நடக்கும்போதெல்லாம், பாசி பிடித்த பாறை வந்தால் அவன் திரும்பி நின்று காட்டுவது அது. கால் ஒடிந்து, ஒரு ராத்திரி முழுக்க நனைந்து கிடந்தவன், வானத்தில் அக்காவைப் பார்த்ததும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வழுக்குதாம்," என்றாள் கோகிலவாணி. "பாத்து வரச் சொல்றான்."

தலைக்கவசம் போட்ட அத்தனை பேரும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒருவர் மற்றவரிடம், "பாசி இருக்குமாட்ட இருக்குது, பாத்து எறங்குங்க," என்றார். கிளம்பினார்கள். கோகிலவாணி உள்ளே ஓடி, மரத்தட்டில் கிடந்த கம்பளியை உருவினாள். இன்னும் சூடாக இருந்தது. அதைச் சுருட்டிக் கடைசியாகப் போனவர் கையில் திணித்தாள்.

பொழுது மங்கும் நேரத்தில் தூளி கட்டிச் சின்னராசுவை மேலே கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் தெளிவாக இருந்தது. மாட்டை நாளைக் காலை கயிறு கட்டி மேலே ஏற்றலாம் என்றார்கள். சுகுணா அவன் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி திரும்பிக்கொண்டிருந்த அந்தச் சிறு நேரத்தில், கோகிலவாணி லேப்டாப்பை முக்காலியோடு பக்கத்தில் இழுத்து அவனுக்குப் படத்தைக் காட்டினாள்.

பனியில்லாத தேன்பாறையை அவன் மூச்சுக்கூட விடாமல் பார்த்தான். தான் கிடந்த இடத்துக்கு ஒரு முழம் கீழேயே பள்ளம் அதலபாதாளமாக இறங்குவதை இப்போதுதான் பார்க்கிறான். அந்த வெள்ளைப் பொட்டின்மேல் விரலை வைத்து, பிறகு தன் நெஞ்சில் வைத்து, அக்காவை நிமிர்ந்து பார்த்தான். 'நானா?' அவள் தலையாட்டினாள். அவன் மறுபடி ஒருமுறை காட்டச் சொன்னான்.

இரண்டாவது தடவை முடிந்ததும் அவன் கண் திரையிலிருந்து லேப்டாப்பின் அடிப்பக்கம் இறங்கியது. விறகுச் சிராய்களின்மேல், வெறும் உடம்போடு, கொட்டும் பனியில் அது நிற்பதைப் பார்த்தான். முகம் மாறியது. தன்மேல் கிடந்த கம்பளியைத் தடவிப் பார்த்தான். அவனுக்குத் தெரியாதா அது யாருடையது என்று? விரலால் அக்காவிடம் கேட்டான். 'இது மிசினோடது. அதுக்குக் குளிராதா?'

கேட்டுக்கொண்டே கம்பளியைத் தோளிலிருந்து கழற்ற ஆரம்பித்தான். கோகிலவாணி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, கம்பளியை அவன் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டாள்.